தலைக்கொரு கொட்டகை

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க வருகிற கிராமத்துக்காரர் முதலில் விலையைக் கேட்க மாட்டார். பூட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பார். சாவியைப் போட்டுத் திருகி, காதருகே வைத்து, உள்ளே லீவர் விழுகிற சத்தத்தைக் கேட்பார். மழையில் கிடந்தால் துருப் பிடிக்குமா, சாவி தொலைந்தால் வேறு போட்டுத் தருவீர்களா என்று விசாரிப்பார். எல்லாம் ஆன பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவரைப்போல், "என்ன விலை?" என்பார். சொன்ன விலையைக் கேட்டுத் திடுக்கிட்டதாகப் பாவனையும் செய்வார். அது சம்பிரதாயம். உள்ளுக்குள் அவர் போடும் கணக்கு வேறு. இது எத்தனை வருஷம் வரும், எதைக் காப்பாற்றப் போகிறது, வீட்டில் எத்தனை பேர் இதைத் திறந்து மூடப் போகிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் இந்தப் பூட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பேசுவதற்குக் குறியீடு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இந்த விலை பேசும் முறையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. கொஞ்ச காலமாகப் பலர் என்னிடம் வேறொரு சாமானின் விலையைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். வி.ஆர். ஹெட்செட் என்று கடைகளில் சொல்கிறார்கள்; பத்திரிகைகளில் 'மெய்நிகர்' என்று எழுதுகிறார்கள். அவ்வளவு பணம் கொடுக்கலாமா, அதில் என்ன இருக்கிறது, பையன் பிடிவாதம் பிடிக்கிறான், என்ன சொல்ல? கதை எழுதுகிறவனிடம் ஏன் இதைக் கேட்க வேண்டும் என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். "இல்லாததை இருக்கிறதாகக் காட்டுவதுதானே உங்கள் தொழில்? உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரே தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் விமரிசனம் செய்வது உலக வழக்கம்.

சாமானைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கண்ணையும் நெற்றியையும் சேர்த்து மூடுகிற ஒரு பெட்டி. பின்புறம் வார் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே வலக் கண்ணுக்கு ஒரு சின்னத் திரை, இடக் கண்ணுக்கு ஒரு சின்னத் திரை. திரைக்கு முன்னால் பூதக்கண்ணாடி. இரண்டு திரையிலும் ஒரே காட்சி, ஆனால் மயிரிழை வித்தியாசத்துடன். அந்த மயிரிழையில்தான் மாயமெல்லாம் இருக்கிறது.

திண்டுக்கல்லில் இருப்பவர்கள் இதைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். மலைக்கோட்டை தெரிகிற ஏதாவது ஒரு மொட்டை மாடியில் நின்று, கட்டை விரலை முகத்துக்கு எதிரே நீட்டிக்கொள்ளுங்கள். வலக் கண்ணை மூடுங்கள். அப்புறம் இடக் கண்ணை மூடுங்கள். விரல் பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவும். இரண்டு கண்ணும் இரண்டு படத்தை அனுப்புகின்றன. மூளை இரண்டையும் பிசைந்து, 'விரல் கிட்டே, பாறை தூரத்தில்' என்று கணக்குச் சொல்கிறது. இதை 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் விளக்கி, இரண்டு படத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுகிற ஒரு கருவியும் செய்தார். இருபதே வருஷத்தில் அது நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையை இரட்டைப் படங்களாகப் பிடித்து ஒரு தொகுப்பே வெளியிட்டார். அப்போது திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாதான். 1985-ல்தான் தனி ஜில்லா ஆயிற்று. ஆகவே, கண்ணை ஏமாற்றுகிற இந்த வித்தை நமக்குப் புதிதல்ல.

அந்த நாளிலும் இந்தக் கருவிகள் கனவான்கள் வீட்டு வரவேற்பறையில்தான் இருந்தன. 1861-ல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பவர் கையில் பிடித்துப் பார்க்கிற எளிய கருவி ஒன்றை அமைத்தார். அதற்குப் பேடன்ட் வாங்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். விலை இறங்கியது, சாதாரணக் குடும்பங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவர் வைத்தியர், அதோடு எழுத்தாளர், நாவல்கூட எழுதியவர். நம் ஆள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இன்றைய பெட்டியில் புதிதாக இருப்பது ஒன்றுதான். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. ஐவன் ஸதர்லண்ட் என்ற விஞ்ஞானி 1968-லேயே இதைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கிய ஒரு யந்திரக் கையோடு அதை இணைத்திருந்தார். தலை எவ்வளவு திரும்பியது என்று அளந்து, அதற்கேற்ற படத்தைக் கண் இமைப்பதற்குள் போட்டாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வயிற்றைப் புரட்டும். வேலை கஷ்டம், ஆகவே விலையும் கஷ்டம். 2012-ல் பால்மர் லக்கி என்ற இளைஞர் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டி இதை மறுபடி கிளப்பினார். 2014-ல் பேஸ்புக் கம்பெனி சுமார் 200 கோடி டாலர் கொடுத்து அவருடைய ஸ்தாபனத்தை வாங்குவதாக அறிவித்தது. 2016-ல் கடைக்கு வந்தபோது விலை 599 டாலர். அதற்கு மேல் பலமான கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டும். 2020-ல் கம்ப்யூட்டர் வேண்டாத ஒன்று 299 டாலருக்கு வந்தது. 2023-ல் அதன் வாரிசு 499 டாலர். 2024 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி தன்னுடையதை அமெரிக்காவில் விற்பனைக்கு வைத்தது. அதன் விலை 3,499 டாலர். அதில் பன்னிரண்டு காமிராக்கள், ஆறு மைக்குகள், இரண்டு திரையிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் புள்ளிகள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பார்வைக்கேற்ற வில்லை தனி. அதற்கு 149 டாலர்.

நம் காசில் சொன்னால்தான் உறைக்கும். 2024 தொடக்கத்து மாற்று விலைப்படி 499 டாலர் என்பது சுமார் 41,000 ரூபாய். அந்தச் சாமான் 2023-ல் வெளியான தேசங்களில் இந்தியா இல்லை. ஆகவே வரவழைக்கிற வியாபாரி வைக்கும் லாபத்தை இதற்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். வேடசந்தூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் மண் வெட்டுகிற ஒரு பெண்மணி அந்த நூறு நாளையும் விடாமல் செய்தாலும் 31,900 ரூபாய்தான். ஆப்பிள் சாமானுக்கு அந்தப் பெண்மணியின் ஒன்பது வருஷம் வேண்டும்.

இப்படிக் கணக்குப் போட்டுக் கண்ணீர் விடுவது சுலபம். அதோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். ஆனால் இந்தக் கணக்கை மோட்டார் சைக்கிளுக்கும் போடலாம், நகைக்கும் போடலாம். விலை அதிகம் என்பது ஒரு தகவல்; அது விமரிசனம் ஆகிவிடாது. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. விற்கிறவனுக்கும் இதில் லாபம் இல்லை. மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தப் பழைய பேஸ்புக் கம்பெனியில் இந்தக் கண்ணாடிகளையும் அதைச் சேர்ந்தவற்றையும் கவனிக்கிற பிரிவு 2022-ல் 1,370 கோடி டாலரும், 2023-ல் 1,610 கோடி டாலரும், 2024-ல் 1,770 கோடி டாலரும் நஷ்டம் காட்டியிருக்கிறது. வாங்குகிறவன் 'கொள்ளை விலை' என்கிறான். விற்கிறவன் கைப்பணத்தைப் போட்டு விற்கிறான். இரண்டு பேரும் வயிறெரிகிற ஒரு வியாபாரத்தில், கோளாறு விலைப் பட்டியலில் இருக்க முடியாது, வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்பது எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு மே மாதத்து மத்தியானத்தில்தான் விளங்கியது. என் தங்கை மகன் அப்படி ஒன்றை வெளிநாட்டுச் சிநேகிதன் மூலம் வரவழைத்திருந்தான். விடுமுறை, வீட்டில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். மூத்தவன் என்ற மரியாதைக்கு எனக்குத்தான் முதலில் மாட்டினார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். கடலுக்கு அடியில், உடைந்து கிடக்கும் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறேன். தலைக்கு மேலே வெயில் கலங்கலாக இறங்குகிறது. இடது பக்கமிருந்து ஒரு திமிங்கிலம் வந்தது. சினிமாத் திரையில் வருகிற மாதிரி எதிரே வரவில்லை, பக்கத்தில் வந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. நான் கட்டிலில் இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்துவிட்டேன். நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஒரு வாசகரையாவது உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை நகர்த்தியதாக எனக்குத் தகவல் இல்லை. இந்த வித்தையைக் கேலி செய்கிறவர்கள் முதலில் அந்தத் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்ததாக ஒரு ராட்டினத் தொடர்வண்டியில் ஏற்றினார்கள். இரண்டாவது சரிவிலேயே வயிறு மேலே வந்துவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் போகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போவார்களே, அந்த வியாதியின் ஒன்றுவிட்ட தம்பி இது. மலைப்பாதையில் காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி 'வளைகிறோம், ஏறுகிறோம்' என்று சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையே பார்த்து 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. பெட்டிக்குள் இது தலைகீழ். கண் 'விழுகிறோம்' என்று கத்துகிறது. காது 'கட்டிலில்தானே இருக்கிறோம்' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் தண்டனை வயிற்றுக்கு.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. பெட்டியைக் கழற்றியதும் பார்த்தால் வீடே சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் காற்றில் கை நீட்டியதும் பின்வாங்கியதும் அவர்களுக்கு வேடிக்கை.

"என்ன அண்ணா பார்த்தே?" என்றாள் தங்கை.

"திமிங்கிலம்."

"எவ்வளவு பெரிசு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கூடம் போதவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மாமியார், கண்புரை ஆபரேஷன் ஆனவர், "சாமி ஏதாச்சும் தெரியுமா இதிலே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பூத்தொடுக்கப் போய்விட்டார். ஒருவர் கழற்றி இன்னொருவர் மாட்டுவதற்குள் வேர்வையைத் துடைக்க வேண்டும். வாரைத் தளர்த்தி இறுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குச் சரிப்படுத்த வேண்டும். பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குச் சொச்சம் வந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம் கிடைத்திருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் மற்றவர்கள் ஒரு பாதி மூடின முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கூடத்தில் எட்டுப் பேர். அதில் ஒருவர் எப்போதும் ஊரில் இல்லை. தீபாவளிக்குப் போனபோது அது பீரோவின் மேல் இருந்தது. "நேரமே இல்லை மாமா" என்றான் பையன். நேரமில்லாமல் போகவில்லை; செல்போனில் அவன் மணிக்கணக்கில் இருந்தான். கூட ஒருவர் இல்லாத வேடிக்கைக்கு அவனுக்கு மனசில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

நம் ஊர்களில் வேடிக்கைக்கு விலை என்பது எப்போதும் பார்த்த கண்களால் வகுத்து வந்த விலைதான். 1905-ல் திருச்சியில் ரெயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் படச் சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார் என்று சினிமா சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளில் அது ஒரு சொத்தின் விலை. அதோடு ஒப்பிட்டால் இன்றைய ஹெட்செட்டெல்லாம் கொசுறு. ஆனால் அவர் அதை ஊர் ஊராக எடுத்துப் போனார்; கூடாரம் அடித்தார்; டிக்கெட் போட்டார். மணலில் உட்கார்ந்து பார்த்தவன் கொடுத்தது காலணாவோ அரையணாவோ. அந்தத் தொகைக்கு அவனுக்குப் படம் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் வாய்பிளப்பும், பின்னாலிருந்த பாட்டியின் அலறலும் சேர்ந்து கிடைத்தன. அவற்றைக் கழித்துவிட்டால் அந்த ஊமைப் படத்தில் என்ன இருந்திருக்கும்? ரெயில் வந்தது, ரெயில் போயிற்று!

ஒற்றை ஆள் எட்டிப் பார்க்கிற பெட்டிகளும் நம்மிடம் இருந்தன. கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் பயாஸ்கோப்புக்காரன் வருவான். தகரப் பெட்டி, அதில் நாலைந்து ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வில்லை. ஐந்து பைசா கொடுத்தால் முகத்தைப் பதித்துக்கொள்ளலாம். உள்ளே தாஜ்மகால் வரும், காந்தி வருவார், ஒரு குண்டு அம்மாள் வருவாள். அதுவும் கண்ணை மூடுகிற பெட்டிதான். ஆனால் காது திறந்திருந்தது. பயாஸ்கோப்புக்காரன் ராகம் போட்டு விவரம் சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்து ஓட்டைப் பையன் "உனக்குத் தாஜ்மகால் போயிட்டாடா?" என்று முழங்கையால் இடிப்பான். காசில்லாத பையன்கள் பாட்டைக் கேட்டே பாதி படம் பார்த்துவிடுவார்கள். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோதும் அப்படித்தான். முப்பரிமாணக் கண்ணாடியை வாசலில் கொடுத்து, போகும்போது வாங்கிக்கொண்டார்கள். அதனால் கண் வலி பரவும் என்று வதந்தி கிளம்பியது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. ஐஸ்கிரீம் நீண்டு வந்தபோது கொட்டகை முழுவதும் ஒரே நேரத்தில் கை நீட்டியது. அந்தக் கண்ணாடியை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?

வகுக்க முடியாத முதல் வேடிக்கைச் சாமான் இந்த ஹெட்செட்தான். டெலிவிஷனை எட்டால் வகுக்கலாம், பஞ்சாயத்து டி.வி.யை ஊராலேயே வகுத்தோம். இதை ஒன்றால்தான் வகுக்க வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பம் நாலு கொட்டகை கட்ட வேண்டும். அதுதான் இதன் உண்மையான விலை. பட்டியலில் போட்டிருப்பது முன்பணம்.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "உம்முடைய நாவலை மட்டும் என்ன, பத்துப் பேர் கூடியா படிக்கிறோம்? அதையும் தனியாகத்தானே படிக்கிறோம்?" நல்ல கேள்வி. தனியாகத்தான் படிக்கிறோம். ஆனால் புத்தகத்தை மட்டும் யாரும் தனியாக வைத்துக்கொண்டதில்லை. பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொகுப்புகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. ஒரு பிரதி ஒரு தெருவையே சுற்றி வரும், திரும்பி வரும்போது ஓரத்தில் யாரோ "அநியாயம்!" என்று பென்சிலால் எழுதியிருப்பார்கள். லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கு அதன் மூலைகளே சாட்சி. எல்லாவற்றுக்கும் மேல், நான் 'ஆற்றங்கரையில் ஒரு வீடு' என்று எழுதினால் வீட்டைக் கட்டுகிறவர் வாசகர். செங்கல் அவருடையது. அதனால்தான் கதையைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேருக்குப் பேச இரண்டு வீடு இருக்கிறது. பெட்டிக்குள் எல்லாவற்றையும் 2 கோடியே 30 லட்சம் புள்ளியில் அவர்களே கட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. திரும்பித் திரும்பிப் பார்ப்பதைத் தவிர.

அந்தத் திரும்பிப் பார்ப்பதிலும் ஒரு சங்கடம். சினிமாவில் டைரக்டர், 'இப்போது அவள் கண்ணைப் பார், இப்போது கதவைப் பார்' என்று நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். இங்கே கதாநாயகி அழும்போது நான் பின்பக்கம் திரும்பிச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற அதிகாரம் போய்விட்டால் கதை சொல்கிறவனிடம் மிச்சம் என்ன? இந்தச் சாதனத்தில் இன்னும் ஒரு நல்ல கதை பிறக்காததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

நல்ல படைப்பே இல்லை என்று சொல்லவில்லை. மெக்ஸிகோக்காரரான அலெக்ஸாந்த்ரோ இன்யாரித்து 2017-ல் கான் விழாவில் 'கார்னே இ அரீனா' என்று ஒன்றை வைத்தார். அமெரிக்க எல்லைப் பாலைவனத்தைத் திருட்டுத்தனமாகக் கடக்கிற ஏழைகளின் கூட்டத்துக்கு நடுவில் நம்மை நிறுத்துகிறது அது. ஆறரை நிமிஷம்தான். அந்த வருஷமே அதற்கு விசேஷ ஆஸ்கர் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அதைக் கடையில் வாங்க முடியாது. ஒரு பெரிய கூடம் வேண்டும். தரையெல்லாம் மணல் கொட்டியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். கால் மணலில் புதைவதால்தான் கண்ணில் தெரிவதைக் காலும் நம்புகிறது.

'மெய்நிகர்' என்று பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ, அவர் அறியாமலே ஒரு விமரிசனம் எழுதிவிட்டார். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறியை அடுக்கும்போது உடம்பைத்தான் தமிழ் முதலில் வைக்கிறது. இந்தப் பெட்டி கண்ணுக்கும் செவிக்கும் நிகர். மூக்குக்கு ஒன்றுமில்லை, அது பெட்டியின் பாரத்தைச் சுமப்பதோடு சரி. மெய்க்கு நிகராக எதையும் காணோம். சிறுமலையில் நிற்பதாகக் காட்டலாம். வாழைத்தோட்டத்து ஈரக் காற்று முழங்கையில் படாது. அந்த மெக்ஸிகோக்காரர் மட்டும்தான் லாரியில் மணலைக் கொண்டுவந்து கொட்டி மெய்யைச் சேர்த்துக்கொண்டார்.

சரி, மலிவாகக் கிடைத்தால்? கிடைத்ததே! 2014-ல் கூகுள் கம்பெனி அட்டையை மடித்து, இரண்டு வில்லை வைத்து, நடுவில் செல்போனைச் செருகிக்கொள்ளச் சொன்னது. 2015-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதில் பத்து லட்சத்துக்கு மேல் தன் சந்தாதாரர்களுக்கு இனாமாகவே அனுப்பியது. நம் நாட்டில் 2023-ல் ஐ.பி.எல். கிரிக்கெட் சமயத்தில் 'ஜியோடைவ்' என்று ஒன்று 1,299 ரூபாய்க்கு வந்தது. ஜியோசினிமாவில் ஆட்டத்தை மைதானத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பார்க்கலாம் என்றார்கள். கிரிக்கெட் மைதானத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்க யாருக்கு ஆசை? ஒரு சிக்ஸர் போனால் முதுகில் தட்டப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? அந்த ஜியோசினிமா என்ற பெயரே 2025 பிப்ரவரியில் மறைந்து, ஜியோஹாட்ஸ்டாரில் கலந்துவிட்டது. மலிவானதும் பரணுக்குத்தான் போயிற்று. விலை உயர்ந்தது பீரோ மேலே போயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

பூட்டு வாங்குகிறவர் கேட்கிற சாவிக் கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். திண்டுக்கல் பூட்டை வாங்கினால் சாவி நம் இடுப்பில். இந்தப் பெட்டிகளில் சாவி கம்பெனியிடம் இருக்கிறது. 2020-ல் வந்த 299 டாலர் சாமானைப் பேஸ்புக்கில் கணக்கு இல்லாமல் திறக்க முடியாது என்று விதி வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்த பிறகு 2022-ல்தான் அதைத் தளர்த்தி, வேறு கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கிய வீட்டுக்கு, கட்டினவனிடம் தினமும் சாவி வாங்கிப் போவதைப் போன்றது இது. பையனின் பிடிவாதத்துக்கு மாதத் தவணை கட்டத் தயாராகிற தகப்பனார்கள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பது நல்லது.

ஆப்பிள் சாமானில் ஒரு அம்சம் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. மாட்டிக்கொண்டவருடைய கண்கள் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதல்லவா? அதற்காகப் பெட்டியின் முன்புறத்தில் இன்னொரு திரை வைத்து, உள்ளே இருக்கிற கண்களின் படத்தை அதில் காட்டுகிறார்கள். பக்கத்தில் யாராவது வந்தால் கண் தெரியும். உலகத்திலேயே பணக்கார இஞ்சினீயர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த கோளாறு, என் தங்கை வீட்டுக் கூடத்தில் தெரிந்த அதே கோளாறுதான். அதற்கு அவர்கள் செய்த பரிகாரம், மூடின ஜன்னலின் மேல் ஜன்னல் படம் ஒட்டியது.

இந்தச் சாமானுக்கு ஏற்ற இடம் பொது இடம். வைத்தியக் கல்லூரியில் ஒன்று இருந்தால் நூறு மாணவர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன் கையைப் பழக்கிக்கொள்வார்கள். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் அப்படியே. அங்கே விலையை நூறால் வகுக்கலாம். 2024 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடந்ததே, அதன் கண்காட்சியில் முப்பரிமாணக் காட்சியும் மெய்நிகர்க் காட்சியும் வைத்தார்கள். முழங்கால் வலியால் மலை ஏற முடியாத எத்தனையோ பேருக்கு அது ஒரு தரிசனம். மலையின் 693 படிகளையும் நெய்யும் பஞ்சாமிர்தமும் கலந்த வாசனையையும் எதிரிலேயே வைத்துக்கொண்டு பெட்டிக்குள் பார்ப்பானேன் என்று கேட்கிறவர்களும் உண்டு. அது வேறு விவகாரம். பார்த்தவர்கள் வீட்டுக்கு அதைச் சுமந்து போக வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

கோடைக்காலப் பொருட்காட்சிகளிலும் இப்போது இதற்கு ஒரு ஸ்டால் போடுகிறார்கள். ஆளுக்கு நூறு ரூபாய், ஐந்து நிமிஷம். உள்ளே போகிறவன் பார்ப்பதை வெளியே ஒரு டி.வி.யில் காட்டுகிறார்கள், அதனால் காசு கொடுக்காத கூட்டம்தான் ஸ்டாலைச் சுற்றி அதிகம். நான் பார்த்த அன்று ஒரு பத்து வயசுப் பையன் பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் தங்கை அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாலம் உடைஞ்சு கிடக்கு... கீழே நெருப்பு ஆறு... அதோ டைனோசர் வருது!" என்று அவன் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளோ டி.வி.யைப் பார்க்காமல் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.